அது ரெண்டு, சேர்

அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வலது கையில் இரண்டு விரல்கள் உயரும். சுட்டுவிரலும் நடுவிரலும், நடுவே கொஞ்சம் இடைவெளியோடு. அந்த இடைவெளியைத்தான் அவர் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் விரல்களைப் பார்த்துச் சிரித்தோம்.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை அந்தப் பெயரைப் பாழாக்கியவன் நான். இன்னொருமுறை என் எழுத்துக்குள் இழுத்துவர எனக்கு உரிமை இல்லை. அலுவலகத்தில் அவருடைய ஊரைச் சேர்த்து "தண்ணீரூற்றுப் பிள்ளை" என்றுதான் சொல்வோம். வெளிநாட்டில் பகுப்பாய்வு இரசாயனம் படித்து, திரும்பி வராதே என்று எல்லோரும் சொல்லியும் வன்னிக்குத் திரும்பி வந்த பெண் அவர். தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது. அவரைப் "பிள்ளை" என்பதில் இருந்த அவமதிப்பு அன்று எனக்கு உறைக்கவில்லை. கிளிநொச்சியில் இருந்த எங்கள் ஆய்வுகூடத்துக்கு நான் தலைவன். உறைக்காமல் இருப்பது அந்தக் கதிரையின் வசதிகளில் ஒன்று.

கலப்பதை அவரால் பொறுக்க முடியாது. வேறு வேறான இரண்டை ஒன்று என்று யார் சொன்னாலும் விரல்கள் எழும். ஒருநாள் சந்தையில் நானும் பக்கத்தில் நின்றேன். ஆட்டக்காரி இன அரிசி என்று கடைக்காரர் நிறுத்துத் தந்ததற்குள் வேறொரு சிவப்பரிசியும் கிடந்தது. இவர் ஒரு கைப்பிடி அள்ளி மேசையில் கொட்டிப் பிரிக்கத் தொடங்கினார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதானே," என்றார் கடைக்காரர்.

"அப்ப நான் நூறு ரூபாத் தாளைத் தாறன், ஆயிரம் எண்டு எடுங்கோ. பொக்கற்றுக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதானே."

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிரித்து முடித்துத்தான் வந்தார். வரும் வழியில் நான், "ஒரு பிடி அரிசிக்கு இவ்வளவு கோபமோ?" என்று கேட்டேன். "அரிசிக்கில்லை சேர். அவருக்குத் தெரியும், ரெண்டு எண்டு. தெரிஞ்சுகொண்டு ஒண்டு எண்டு சொல்லுறார் பாருங்கோ, அதுக்கு."

அந்த வசனம் பிறகு எனக்காகத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை.

எங்களிடம் ஒரு திணிவு நிறமாலைமானி இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று புதியது வாங்கியபோது பழையதை எங்களுக்குத் தந்தது. அது மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு. ஒருவருடைய சிறுநீரைக் கொடுத்தால், அவருடைய உடம்பு செய்ததும் உடைத்ததும் அவர் உண்டதும் குடித்ததும் எல்லாம் ஒரு குழாய் வழியே ஒன்றன்பின் ஒன்றாக வரும். வருகிறவற்றை மெஷின் நிறுத்து, எடைக்கு ஒரு முகடாகத் திரையில் காட்டும். அனுசேபப் பொருட்களின் ஆய்வு என்று இதற்குப் பெயர். அந்தத் தராசு எவ்வளவு நெருக்கமான எடைகளைப் பிரித்துக் காட்டவேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். அதுதான் பிரிதிறன். குறைவாக வைத்தால் ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு பொருட்கள் ஒரே முகடாகத் தெரியும். கூட்டி வைத்தால் பிரியும்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் தெரிந்ததுதான். அவருக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருந்தது. பளையிலிருந்து ஒரு பொழுதுபடும் நேரம் வாகனத்தில் வந்துகொண்டிருந்தோம். நேரான வீதி. தூரத்தில் ஒரு வெளிச்சம்.

"என்ன வருது, சேர்?"

"மோட்டச் சைக்கிள்."

கிட்ட வந்தது. வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து, லொறியாகி, எங்களைக் கடந்து போனது. முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

"அது முதலே ரெண்டுதான். உங்கட கண்ணுக்குத்தான் ஒண்டு."

"அக்கா, ஒரு லைட் எரியாத லொறியும் ஓடுது," என்றான் சாரதி.

"அதுக்கும் கிட்டப் போய்த்தானே பாக்கவேணும்?"

அவரைப் பிடிவாதக்காரி என்று சொல்லித் திரிந்தோம். அதுவும் சரியில்லை. எந்நேரமும் பிரிதிறனை உச்சத்தில் வை என்று அவர் சொன்னதே இல்லை. கூர்ந்து பார்க்க மெஷினுக்கு நேரம் வேண்டும். குழாயிலிருந்து ஒரு பொருள் வருவதோ சில விநாடிகள். உச்சத்தில் வைத்தால் ஒவ்வொரு பார்வைக்கும் நேரம் போய், அந்தச் சில விநாடிகளுக்குள் சில பார்வைகளே கிடைக்கும். முகட்டின் உருவம் கெட்டு, எவ்வளவு இருக்கிறது என்ற கணக்குப் பிழைத்துவிடும். கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் பெருமையாக உச்சத்தில் வைத்து ஓட்டியபோது அவர் திரையில் விரலை வைத்து, "தம்பி, நாலைஞ்சு பொட்டை வைச்சுக்கொண்டு மலை எண்டு சொல்லுறீர். பிரிச்சது சரி. எவ்வளவு எண்டு கேட்டா என்ன சொல்லுவீர்?" என்று கேட்டார். எதைக் கேட்க வந்தோமோ அதற்கு ஏற்றபடி வைக்கவேண்டும். அவ்வளவுதான் அவருடைய கொள்கை. அதற்கு முதலில் எதைக் கேட்க வந்தோம் என்று தெரிந்திருக்கவேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்போது முடிப்போம் என்பது மட்டுமே தெரியும்.

சிறுநீரக வருத்தம் வன்னியில் பரவிக்கொண்டிருந்தது. நல்ல திடகாத்திரமான கமக்காரர்கள், காரணம் தெரியாமல் வாடி விழுந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், வயலுக்கு அடிக்கும் மருந்து என்றார்கள். எங்களிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று. இரண்டு ஊர்களில் எந்த ஊருக்கு வருத்தம் அதிகம்? அந்த ஊருக்கு நீர் சுத்திகரிப்பு நிலையமும் மாதாந்தம் வரும் மருத்துவ வண்டியும் முதலில் போகும். ஒன்று, கிளிநொச்சியில் வாய்க்கால் பாயும் எங்கள் குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து என் தகப்பனார் தலைமுறை வந்து காணி எடுத்த இடம். என் தம்பிமார் இன்றும் அங்கேதான் வயல் செய்கிறார்கள். மற்றது ஓமந்தைக்கு உள்ளே, மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர்.

அந்த ஊரில் வீடு வீடாகப் போத்தல் கொடுத்துச் சேர்த்தவர் கருப்பையா. எந்நேரமும் வாயில் வெற்றிலை. ஐஸ் பெட்டியை நாங்கள் இறக்கியபோது அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"எங்க மூத்திரத்துக்கு ஐஸ் பெட்டி. எங்களுக்குத் தகரக் கொட்டகை. குடுத்து வச்ச மூத்திரங்க."

தண்ணீரூற்றுப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது அன்று மட்டும்தான்.

மாதிரிகள் குளிரில் இருந்தன. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மாரி தொடங்குமுன் அறிக்கை வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தினமும் தொலைபேசி. "ஒழுங்கா ஓட்டினா எல்லாத்தையும் முடிக்கேலாது. பாதியை எடுப்பம், ஒழுங்கா ஓட்டுவம்," என்றார் அவர். எல்லாவற்றையும் ஓட்டவேண்டும் என்றேன் நான். எண்ணிக்கை குறைந்தால் கொழும்பில் மதிக்கமாட்டார்கள்.

அந்த நேரம் அவருடைய தாயார் காலமானார். செத்த வீட்டுக்குப் போய்விட்டு உடனே வந்தவர், முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக்கு மறுபடி தண்ணீரூற்றுக்குப் போனார். போகும்போது என் அறை வாசலில் நின்று, "நான் வாற வரைக்கும் மெஷினைத் தொடாதேங்கோ, சேர். கும்பிட்டுக் கேக்கிறன்," என்றார்.

அவர் போன மறுநாள் தொட்டேன். குழாயில் ஓடும் நேரத்தைச் சுருக்கினேன். ஓட்டம் வேகமானால் முகடுகள் ஒடுங்கும். ஒடுங்கிய முகடுகளைப் பிடிக்க மெஷின் அடிக்கடி பார்க்கவேண்டும். அடிக்கடி பார்க்கப் பிரிதிறனைக் குறைக்கவேண்டும். ஆகவே குறைத்தேன். ஒவ்வொரு படியும் புத்தகப்படி சரி. படித்தவன் பிழை செய்யும்போது இப்படித்தான், படிக்குப் படி நியாயம் வைத்துக்கொண்டு செய்கிறான். எல்லாம் ஓடி முடிந்தது. அதற்கிடையில் மின்சாரம் போய், ஓட்டியபின் போத்தல்களில் மிஞ்சியிருந்த மாதிரிகள் உருகி நாறின. கொட்டிக் கழுவச் சொன்னேன்.

நாங்கள் பார்த்தது சிறுநீரகம் கெடும்போது சிறுநீரில் குறைந்துபோகும் ஒரு பொருளை. எங்கள் திட்டத்து ஆட்கள் பலருக்கு அது குறைந்திருந்தது. ஓமந்தை ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் நிறைய இருந்தது. முகடுகள் பனை மாதிரி நின்றன. கூட்டத்தில் இதைக் காட்டி நான் சொன்ன வசனத்தை எழுதத்தான் வேண்டும். "அவங்களுக்கு இந்த வருத்தம் கெதியா வராது. உழைச்சு உரமேறின உடம்பு." எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. விடை எனக்குப் பிடித்ததாக இருந்தது.

அந்தியேட்டி முடிந்து வந்தவர் திரையின் முன் இருந்தார். முகடுகளை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். பிறகு முகட்டின் ஒரு பக்கச் சரிவைத் தொட்டார்.

"இதில ஒரு தோள் இருக்கு. இதுக்குள்ள ரெண்டு நிக்குது."

"மென்பொருள் ஒண்டு எண்டுதான் சொல்லுது."

"மென்பொருளுக்கு நீங்கள் என்னத்தைக் காட்டினியளோ அதைத்தான் அது சொல்லும்."

அடுத்த நாள் ஆளைக் காணவில்லை. பஸ்ஸில் ஓமந்தைக்குப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து என் அறைக்குள் வந்தபோது வாயும் உதடும் சிவப்பாக இருந்தன. வெற்றிலை வாசமே ஆகாத மனுஷி அவர்.

"என்ன அக்கா, கலியாண வீடோ?" என்றாள் தட்டெழுத்துப் பெண்.

"ஓம். சேருக்கும் மெஷினுக்கும் கலியாணம்."

என் மேசையில் தாள்களைப் பரப்பினார். வெற்றிலை பாக்குப் போடுமுன் எடுத்த தன்னுடைய சிறுநீர், ஒரு நாள் முழுவதும் மென்ற பிறகு எடுத்த தன்னுடைய சிறுநீர். இரண்டையும் நான் வைத்த குறைந்த பிரிதிறனில் ஒருமுறை, தான் வைத்த கூடிய பிரிதிறனில் ஒருமுறை. குறைந்ததில், மென்ற பிறகு அந்த ஒற்றை முகடு பனையாக வளர்ந்திருந்தது. கூடியதில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. உடம்பு செய்கிற பொருள் முன்பிருந்த அளவிலேயே இருந்தது. பக்கத்தில், இரண்டாவது தசமத்தில் மட்டும் எடை மாறுபட்டு, பாக்கிலிருந்து வந்த இன்னொன்று.

"வெத்திலை போட்டா கிட்னி சுகமாகுதாம், சேர். பேப்பருக்குக் குடுப்பமே?"

நான் தாள்களைப் புரட்டினேன்.

"அந்த ஊரில சின்னன் பெரிசு எல்லாம் வெத்திலை போடுதுகள். உங்கட திட்டத்தில இப்ப ஆர் போடுகினம்? நீங்கள் கிட்னியை நிறுக்கேல்ல. பாக்கை நிறுத்திருக்கிறியள்." கடைசித் தாளை என் பக்கம் தள்ளினார். "இது கருப்பையா அண்ணையின்ரை. நேற்றுக் குடுத்தவர். பாக்கை விலத்திப் பாருங்கோ. மற்றது இல்லவே இல்லை. அவருக்குச் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கு."

அறிக்கை அனுப்பியாகிவிட்டது என்றேன். திருத்தம் அனுப்புங்கோ என்றார். ஒருவரின் சிறுநீரை வைத்துக்கொண்டு அறிக்கையைத் திருத்த முடியாது என்றேன். மாதிரிகளைக் கொட்டச் சொன்னது யார் என்று கேட்டார். அடுத்த கட்ட ஆய்வில் பார்ப்போம் என்றேன். அவர் இரண்டு விரல்களைத் தூக்கவில்லை. அரிசிக் கடைக்காரரைப் பார்த்த அதே பார்வையை என்மேல் வைத்தார். தெரிந்துகொண்டு ஒன்று என்று சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை.

ஊரைத் தெரிவுசெய்யும் கடைசிக் கூட்டத்துக்கு மேலிடத்து ஆட்கள் வந்திருந்தார்கள். யாரும் அழைக்காமல் அவர் எழுந்து நின்று, தாள்களைக் காட்டி, முழுவதையும் சொன்னார். சபை குழம்பியது. தலைமை தாங்கியவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, மிக மரியாதையாக, மிக மெதுவாகச் சொன்னேன்:

"அவவின்ரை தாயார் அண்மையில்தான் தவறினவா. அந்த மன உளைச்சல். நாங்கள் விளங்கிக்கொள்ளவேணும்."

எல்லோருடைய முகத்திலும் இரக்கம் வந்தது. அதோடு அவர் சொன்னது அத்தனையும் முடிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்தவற்றுள் மிகக் கெட்டது அதுதான். குரலை உயர்த்தக்கூடத் தேவைப்படவில்லை, அவ்வளவு சுத்தமாகச் செய்தேன்.

அவருடைய கை எழுந்தது. அந்த இரண்டு விரல்கள்.

"அம்மா செத்தது ஒண்டு. இது ஒண்டு. அது ரெண்டு, சேர்."

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

சுத்திகரிப்பு நிலையம் எங்கள் திட்டத்துக்கு வந்தது. திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். என் தம்பி வீட்டில் இன்றும் அந்தத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். எங்கள் ஊருக்கும் வருத்தம் இருந்தது உண்மை, வேண்டாத இடத்துக்குப் போனதென்று சொல்லமாட்டேன். வேண்டிய மற்ற இடத்துக்குப் போகவில்லை. என்னால்.

கருப்பையாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வேலையை விட்டுப்போன அவர் பல தரம் ஓமந்தைக்குப் போயிருக்கிறார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். கருப்பையா சிரித்துவிட்டு, "பெரிய மெஷின்ல பாத்து, பெரிய அய்யா கையெழுத்துப் போட்டிருக்காரு, ஒங்க ஊருக்கு ஒண்ணுமில்லன்னு. நீங்க ஏன் புள்ள வீணா அலையிறீங்க," என்றாராம். கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் போனார். இரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறி வவுனியாவுக்கு அலைந்தார். அதிக காலம் அலையவில்லை. அவருக்குப் பிறகு அதே ஒழுங்கையில் இன்னும் சிலர்.

நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடையில் என் "சமூகப் பணி" பற்றி வாசித்தார்கள். அப்போது எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இருந்தேன்.

போன கோடையில்தான் தண்ணீரூற்றுக்குப் போனேன். கோபம் என்னைத் தின்று முடிக்கிற வயதில் இருக்கிறேன். யார்மேல் என்று கேட்டால், அந்தக் கூட்டத்தில் இரக்கப்பட்ட எல்லோர்மேலும், எல்லோரையும்விட என்மேல். வீட்டு விறாந்தையில் அவர் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. "இந்த ரெண்டும் ஒண்டோ? ஒண்டோ எண்டு கேக்கிறன்!" என்று யாரையோ ஏசுவது படலையிலேயே கேட்டது. என்னைக் கண்டதும் பிள்ளைகளை அனுப்பினார். கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி தரவில்லை.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். மெஷினைத் தொட்டது, மாதிரிகளைக் கொட்டியது, அவருடைய தாயாரின் சாவை எடுத்து அவருடைய வாயை மூடியது. மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் எழுதவேண்டும், அதில் எனக்குப் பெருமை இல்லை.

அவர் இரண்டு விரல்களைத் தூக்கினார். பிறகு ஒன்றை மெதுவாக மடக்கினார். மற்றது நிமிர்ந்தபடி நின்றது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், நான் எழும்பும் வரைக்கும்.

மடங்கியது அவருக்குச் செய்தது, நிமிர்ந்து நின்றது ஓமந்தைக்குச் செய்தது; அன்றே திருத்தத்தை எழுதத் தொடங்கினேன். எந்தப் பிரிதிறனில் ஓட்டினேன், ஏன் அது போதாது, எந்த முகட்டுக்குள் எது மறைந்தது, அந்த ஊரைப் பற்றி நான் சொன்னது எல்லாம் பிழை. என் பெயரைப் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினேன். இந்த ஆண்டுக்கான ஊர்களின் தெரிவு முடிந்துவிட்டது, தங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துள்ளோம் என்று பதில் வந்தது. நான் பதவியில் இருந்த காலத்தில் எத்தனை பேருக்கு இதே வசனத்தை எழுதியிருப்பேன்.

பிறகு ஓமந்தைக்குப் போனேன். கருப்பையாவின் மனைவி முற்றத்தில் பாய் விரித்து இருக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வெற்றிலைத் தட்டத்தை என் முன்னால் வைத்தார்.

"மொதல்ல வெத்தல போடுங்கய்யா. அப்புறம் பேசலாம்."

"முதல் கதைக்கிறன் அம்மா," என்றேன்.

சொன்னேன். தராசு, முகடு, பாக்கு எல்லாவற்றையும் விளங்கும்படி சொன்னேன். அவருக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போவாம இருந்தது, ஒங்க கையெழுத்த நம்பித்தானே?"

"ஓம்."

"அந்தப் புள்ள வந்து வந்து கூப்புட்டுச்சே. அது சொன்னதுதானே சரி?"

"ஓம்."

தட்டத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி கிணற்றடிக்குப் போய், வாளியை ஓங்கிக் கிணற்றுக் கட்டின்மேல் அடித்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி. தண்ணி எப்ப வரும்?"

கொழும்பிலிருந்து வந்த பதிலைச் சொன்னேன்.

"அப்ப அங்க போயி உக்காருங்க," என்றார். "இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"